இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

அம்மன் பெயரைச் சொல்லி என் அப்பாவை ஏமாற்றியவள் நான். நான்கு வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்... இப்போது உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்பெல்லாம் நீங்கள் தர வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன்!

எங்கள் ஊர் வெண்ணந்தூர்ப் பக்கம். கிணறு வெட்டுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் எங்கள் குடும்பத்தில் அம்மனிடம் பூ கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிடுவோம்.

பொட்டலம் மடிப்பது மட்டும் வீட்டுப் பெண்களின் வேலை.

அப்போது நான் சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் லாரி ஆபீஸ்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அப்படியே போயிருக்கும்... அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வராமல் இருந்திருந்தால். பெயர் எதற்கு? உங்கள் கையிலிருக்கும் செல்போனுக்குள்ளும் அவர்கள் இருப்பார்கள். ஐந்து சுற்று நேர்முகத் தேர்வு. தேறினால் ஹைதராபாத். ஆனால் இருக்கிற வேலையை விட்டுவிட்டு மூன்று மாதமாவது உட்கார்ந்து படித்தால்தான் தேற முடியும்.

போகலாமா, வேண்டாமா? உண்மையைச் சொல்கிறேன், எனக்கே தெரியவில்லை. அங்கே போனவர்கள் தூக்கம் கெட்டு அலைவதைக் கேள்விப்பட்டிருந்தேன். ஒரே நாள் காலையில் கும்பல் கும்பலாக வீட்டுக்கு அனுப்பியதையும் கேள்விப்பட்டிருந்தேன். தேறாவிட்டால் உள்ளதும் போகும். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஒரு தாளில் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது!

கடைசியில் அப்பாவிடம் சொன்னேன்.

"அத்தன தூரத்துல தனியா எப்படி சாமி இருப்ப?" என்றார். என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். "செரி, நாம என்னத்தக் கண்டோம்... வெள்ளிக்கெழம பூ கேட்டுப்போடலாம். அம்மன் சொன்னா போ, நான் மறிக்கல."

அந்த நிமிடம் எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் தம்பி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தபோது யார் பூ கேட்டது? மறு வருடமே அதை விட்டுவிட்டு வந்து நின்றானே, அப்போதாவது கேட்டார்களா? அவன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் போதும். நான் போவதற்கு மட்டும் அம்மன் வாய் திறக்க வேண்டுமா!

ஒரு வாரமாக எடுக்க முடியாத முடிவை அந்த ஒரு நிமிடத்தில் எடுத்தேன். போவது என்று.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா, "நீயே மடிச்சிரு கண்ணு" என்று இலையையும் நூலையும் என் கையில் கொடுத்தாள். வேலியோரத்து அரளிச் செடிகளிடம் போனேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்தேன். நூலை நன்றாகவே இறுக்கிச் சுற்றினேன்.

கோயிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. எனக்காக என்ன வேண்டிக்கொண்டாரோ... இன்றுவரை நான் கேட்டதில்லை. எடுத்தார். பிரித்தார். வெள்ளை! "உத்தரவாயிருச்சு சாமி" என்று அழுதுகொண்டே என் நெற்றியில் திருநீறு பூசினார். நான் மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டேன்.

படித்தேன். ஐந்து சுற்றும் தேறினேன். அது என் மூளையால் கிடைத்த வேலை, அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் ஊரில் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது வேறு. "பூ வாக்குக் குடுத்துச்சு, புள்ள வேலைக்குப் போச்சு." அதுவரை பெரிய காரியங்களுக்கு மட்டும், அதுவும் பாதி நம்பிக்கையோடு பூ கேட்டுவந்தவர், அதன் பிறகு மாடு விற்கக்கூடக் கேட்க ஆரம்பித்தார். போனில் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன்.

போன மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இதயத்துக்குப் போகும் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சேலத்து டாக்டர் தேதி கொடுத்தார். அப்பா பூ கேட்டார். இந்த முறை பொட்டலம் மடித்தது அம்மா. ஒழுங்காக, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு.

சிவப்பு வந்தது.

லீவு போட்டுவிட்டு ஓடிவந்தேன். சண்டை போட்டேன், கெஞ்சினேன், டாக்டரைப் போனில் பேச வைத்தேன். அவர் அசையவில்லை. "அம்மன் வேண்டாங்குது சாமி. உம்பட வேலைக்கு அவ சொன்னது பொய்யாவா போச்சு?"

இதற்கு நான் என்ன சொல்ல? ஒன்றுதான் இருந்தது சொல்ல... போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சேனுங்கப்பா. அம்மன் ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொன்னேன். அது வெறும் பூவுங்கப்பா..."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்! அவர் சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

"வெச்சது நீ. வெக்கோணும்னு உம்பட மனசுல போட்டது ஆரு? அவதான் சாமி. எனக்கு ஆபரேசன் ஆகோணும்னு அவ நெனச்சிருந்தா, இப்பவும் ஆராச்சும் ரெண்டுலயும் வெள்ளைய வெச்சிருப்பாங்கல்ல?"

புரிகிறதா உங்களுக்கு? என் வாழ்க்கையில் நானாக எடுத்த ஒரே முடிவு... அதையும் தூக்கி அம்மன் கையில் கொடுத்துவிட்டார். நான் செய்த தப்பைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லை!

இல்லை. அவள் வைக்கவில்லை. நான் வைத்தேன். வேலைக்குப் போனதற்காக நான் வருந்தவில்லை. நாளைக்கே மறுபடி கூப்பிட்டாலும் போவேன். "நான் போறேன்" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் அம்மனைச் சொல்ல வைத்தேனே, அதுதான் என் குற்றம். அதை அவள் தலையிலும் போட மாட்டேன், விதியின் தலையிலும் போட மாட்டேன்.

டாக்டர் கொடுத்த தேதி வருகிற புதன்கிழமை. அன்றைக்கு மஞ்சள் வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார்.