ஆறு மினுக்கு, இரண்டு மினுக்கு

லாரி விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு, இனி ஸ்டியரிங் பிடிக்கவே முடியாது என்று முடிவு கட்டியிருந்தேன். கிளட்ச் மிதிக்கக் கால் வேண்டுமே. நாமக்கல் பக்கத்திலிருந்த என் ஊரை விட்டு, கொல்லிமலை மேலே இருக்கும் மனைவியின் ஊரான செம்மேட்டுக்கே குடிவந்தோம். அவள் வீட்டார் அங்கே மரவள்ளியும் மிளகும் போடுகிறவர்கள். அவள் காட்டு வேலைக்குப் போவாள். நான் கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, அடுத்தவன் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில், சென்னையில் கார் டிரைவராக இருந்த என் மச்சான், மனைவியின் அண்ணன், ஒரு பழைய வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் அமெரிக்கா போகும்போது அவருக்கே விட்டுவிட்டுப் போனது.

“ஆட்டோமேட்டிக் வண்டி மாப்ள. கிளட்சே கெடையாது. கியர அதுவே மாத்திக்கும். உங்களுக்கு வலது கால் ஒண்ணு போதும்” என்றார்.

அன்று சோளக்காடு வரை ஓட்டிப் போய் வந்தேன். வழியெல்லாம் கண் கலங்கியதால் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. வண்டியை எனக்கே விட்டுவிட்டு மச்சான் சென்னை திரும்பினார். பிறகு சுற்றுலா வருகிறவர்களை அருவிக்கும் வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கும் ஏற்றிப்போக ஆரம்பித்தேன். வீட்டில் என் குரல் மறுபடி சத்தமாகக் கேட்கிறது என்று மனைவி சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தில் அது நடந்தது. வாசலூர்பட்டியிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, மேட்டில் வண்டி திடீரென்று முக்கியது. முன்னால் மீட்டருக்குப் பக்கத்தில், கியருக்கென்று இருக்கும் ஆரஞ்சு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அமுக்கினால் எஞ்சின் உறுமியதே தவிர வண்டி ஏறவில்லை. பெரிய கியரிலேயே மாட்டிக்கொண்டு, கீழ் கியருக்கு இறங்க மறுத்தது. பிரேக்கை விட்டால் பின்னால் பள்ளத்தை நோக்கி உருண்டது. பின் சீட்டில் இருந்த அம்மா அலறிவிட்டார். எல்லோரும் இறங்கி, கல்லைத் தேடி டயருக்கு அண்டக் கொடுத்துவிட்டு, மழையிலேயே நடந்தார்கள்.

எங்கள் ஊர் ஜீப் மெக்கானிக் வண்டியைக் கட்டி இழுத்து வந்து, பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். “கிளட்சே இல்லாத வண்டில நா எங்கீங்க கைய வெக்கிறது?” என்று மூடிவிட்டார். நாமக்கல்லிலிருந்து ஒரு ஒர்க்ஷாப்காரரைப் பஸ்ஸில் வரவழைத்தேன். கியர் ஆயிலைத் தொட்டு முகர்ந்தார், கொஞ்ச தூரம் ஓட்டினார்.

“கியர்பாக்ஸ் முடிஞ்சு போச்சுங்க. இதுக்கு இங்க சாமான் கெடைக்காது. எடைக்குப் போட்டுருங்க.”

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தவன்தான். அதன்பின் பகலெல்லாம் அதிலேயே கிடந்தேன். சோறு இறங்கவில்லை. யாராவது விசாரித்தால் எரிந்து விழுந்தேன். கால் போனபோதுகூட உயிர் மிஞ்சியதே என்றிருந்தது. இப்போது அந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அந்த முக்கல் வண்டியையே கிளப்பி, மெதுவாக உருட்டி, தடுப்புச் சுவர் இல்லாத ஒரு வளைவில் கொண்டுபோய் நிறுத்தினேன். கீழே மேகம் நிரம்பி, பள்ளமே தெரியவில்லை. விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைக்கவில்லை. கால் பிரேக்கில் இருந்தது.

காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மனைவி அந்த வழியாக வந்தாள். தலைச்சுமையை இறக்கிவிட்டுக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, எங்க போறீங்க?”

“எங்கயும் போகல.”

முன்னால் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். கதவைத் திறந்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அப்ப நானும் வாரேன்” என்றாள்.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். அவள் என் கையைத் தொடவில்லை, அழவும் இல்லை. “ஊட்டுக்குப் போலாங்க” என்றாள்.

மறுநாள் அவளே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். மச்சான் சென்னையில் இந்த மாதிரி வண்டி பார்க்கும் ஒர்க்ஷாப் ஒன்றைத் தேடிப் பிடித்து, விசாரித்துவிட்டு, பூத்துக்குக் கூப்பிட்டு என்னிடம் பேசினார்.

“மாப்ள, லைட்டு சும்மா மினுக்கல. வண்டில ஒரு கம்ப்யூட்டர் இருக்குது. என்ன கோளாறுன்னு நம்பராச் சொல்லும். பானெட்டுக்குள்ள மூடி போட்ட சின்ன பொட்டி இருக்கும். அதுல நாஞ் சொல்ற ரெண்டு ஓட்டைய ஒரு ஒயரால சேத்துட்டு, ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் போடுங்க. எத்தன தரம் மினுக்குதுன்னு எண்ணுங்க.”

அவள் பானெட்டடியில் ஒயரைப் பிடித்தாள், நான் சாவியைப் போட்டேன். ஒன்றுமே வரவில்லை. “எல்லாம் செத்துப்போச்சு, உடு” என்று கத்தினேன். அவள் பெட்டியில் படிந்திருந்த அழுக்கை முந்தானையால் துடைத்து, ஒயரை மறுபடி செருகினாள். விளக்கு மினுக்கியது. ஆறு தரம். ஒரு இடைவெளி. பிறகு இரண்டு. திரும்பவும் ஆறு, இரண்டு.

“அறுபத்திரெண்டு” என்று பூத்திலிருந்து போனில் சொன்னதும் மச்சான் பக்கத்திலிருந்த ஒர்க்ஷாப்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

“கியர மாத்தறதுக்கு உள்ள ஒரு காந்த வால்வு இருக்குதாம். அதுக்குக் கரண்டு சரியாப் போவலயாம். பாக்ஸ் ஒடஞ்சுதுன்னு அந்த நம்பரு சொல்லல மாப்ள. ஆனா ஒயரு போச்சா, வால்வு போச்சான்னு நீங்கதான் பாக்கோணும். ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான்.”

டி.வி. ரிப்பேர் கடையில் கரண்டு சோதிக்கும் மீட்டர் இரவல் வாங்கினேன். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, ஒயரை முனைக்கு முனை சோதித்தேன். ஒயர் நன்றாக இருந்தது. வால்வில் வைத்தபோது முள் அசையவே இல்லை; வால்வுதான் போயிருந்தது. சாமான் கிடைக்காது என்று நாமக்கல்காரர் சொன்னது நினைவுக்கு வந்து, படுத்த இடத்திலிருந்து எழ மனம் வரவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மச்சான், உடைந்த கார் ஒன்றிலிருந்து கழற்றிய வால்வை வாங்கி, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அது வந்ததும் முதலில் மீட்டரை வைத்தேன். முள் அசைந்தது. ஜீப் மெக்கானிக்கும் நானும் சேர்ந்து கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி அதை மாட்டி, ஆயில் ஊற்றினோம். பழைய நம்பர் அழிவதற்காக பியூஸைப் பிடுங்கிச் செருகினோம். சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்தது. பிறகு மினுக்காமல் அணைந்தது.

மனைவியை மட்டும் ஏற்றிக்கொண்டு மேட்டில் விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கீழ் கியருக்கு இறங்கி, ஏறியது. அந்த வளைவைத் தாண்டும்போது அவள் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதன்பிறகும் நாங்கள் பேசியதில்லை.

கொஞ்ச தூரம் போனதும், “நிறுத்துங்க. நா எறங்கிக்கறேன், மரவள்ளிக்குக் களை வெட்டோணும்” என்றாள். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, வரப்பில் ஏறி நடந்தாள்.