கம்பளிக்குள் கடல்

பன்னிரண்டு வயதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், கம்பளிக்குள் உட்கார்ந்தபடி, ஒரு மாதம் முழுக்கச் சாயங்காலந்தோறும் கடலுக்குப் போய்வந்தேன்.

எனக்கு இழுப்பு. ஓட்டத்தில் ஆசையோ கொஞ்சநஞ்சமில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு இடையே விளையாட்டுப் போட்டி வந்தது. பயிற்சியில் பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். "இன்னொரு தடவ இப்படி ஆனா பேர வெட்டிருவேன்" என்றார் மாஸ்டர். வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

அம்மா என்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப்போனாள். "கடலோரத்துக் காத்து இதுக்கு நல்லது. அதுக்கு எங்க போறது? உப்புத் தண்ணியக் கொதிக்க வச்சு ஆவி புடிக்க விடுங்க" என்றார் டாக்டரையா.

அன்றிலிருந்து, கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்ததும் அம்மா சட்டியில் ஒரு கை உப்பைப் போட்டுக் கொதிக்கவைப்பாள். என்னைத் தலையோடு கம்பளியால் மூடுவாள். உள்ளே ஒரே வெள்ளை. வெளியே லயத்தை மூடியிருக்கும் பனிமூட்டமே உள்ளேயும் புகுந்துவிட்டதோ என்றிருக்கும். ஆனால் இது சுடும், உதட்டில் கரிக்கும். அந்த வெள்ளைக்குள் நான் ஓடிக்கொண்டே இருப்பேன். கால் தரையில் படாது. நெஞ்சு இழுக்காது. எதிரே அலைச் சத்தம் கேட்கும். அது சட்டி கொதிக்கும் சத்தம் என்று தெரிந்தும் நம்புவேன்.

"கடல் எப்படிம்மா இருக்கும்?" உள்ளிருந்தே கேட்டேன். சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவள் அவள்.

"யாருக்குத் தெரியும்? வாந்தி எடுத்ததுதான் ஞாபகம் இருக்கு. பேசாம மூச்ச இழு."

போட்டிக்கு முதல்நாள் ஆவியில் புகையிலை நெடி. கண் எரிந்தது, தும்மல் அடுக்கடுக்காக வந்தது. கம்பளியை உதறி எறிந்தேன்.

"என்னத்தம்மா போட்ட?"

"உப்புதான்" என்று மறுபடி போர்த்திவிட்டாள். கோபத்தில் அவளோடு பேசாமலே படுத்தேன்.

மறுநாள் மைதானத்தில் தூறல், மூட்டம். கம்பளிக்குள் ஓடிய அதே வெள்ளையில் ஓடினேன். நெஞ்சு சண்டித்தனம் பண்ணவில்லை. இரண்டாவதாக வந்தேன். உப்பாவியா, என் பிடிவாதமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடிவுக் கோட்டைத் தாண்டினால் அங்கே அம்மா. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் ரத்தம். அத்தனையும் அட்டைக்கடி. மழை நாளில் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் புகையிலைத் தூள் கலந்த உப்பைத் துணியில் முடிந்து மடியில் வைத்திருப்பார்கள். ஒரு தடவை தொட்டால் போதும், அட்டை சுருண்டு விழும்.

முந்தின நாள் நெடி மறுபடி என் மூக்கில் ஏறியது. வீட்டில் உப்பு தீர்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவள் மடியில் முடிச்சு இல்லை.

"உன் உப்பு எங்கம்மா?"

அவள் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். மூச்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான இருக்கு" என்றாள்.