முதல் வாடிக்கையாளர் கிடைக்கிறவரை

முகம் தெரியாத ஆளிடம் வேலை கேட்டு, அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரிவதற்குள் பாதி உயிர் போய்விடுகிற தொழில் எங்களுடையது. 'இன்டர்நெட்டில் சொந்தமாக வேலை செய்கிறேன்' என்று வெளியே கௌரவமாகச் சொல்லிக்கொள்வோம். உள்ளே நடப்பது இதே பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நான் ஆசைப்பட்டு இதில் இறங்கவில்லை. கோவில்பட்டியில் ஓர் அச்சகத்தில் ஏழு வருஷம் கம்ப்யூட்டரில் தீப்பெட்டி லேபிள் வரைந்தேன். முதலாளி அச்சகத்தைச் சிவகாசிக்கு மாற்றியபோது வேலை போயிற்று. என் வீட்டுக்காரர் கணேசன் டூவீலர் மெக்கானிக். அவருடைய பட்டறையிலும் வண்டி வரத்து குறைவு. திருப்பூரில் இருந்த அவருடைய அண்ணன் எங்கள் இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை பேசிவைத்துவிட்டார். எனக்கு ஊரை விட்டுப் போக மனசே இல்லை.

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்க மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள கம்ப்யூட்டர்லயே வேலை பிடிக்கேன். இல்லன்னா மறுபேச்சு இல்லாம திருப்பூருக்கு வாரேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

தீப்பெட்டி அளவு

வெளிநாட்டுக்காரர்கள் வேலை போடுகிற இணையதளம் ஒன்றில் பெயரைப் பதிந்தேன். அச்சகத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் படம் வரைந்து, சிடியில் ஏற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு நடப்பேன். சோப்புக் கம்பெனி, செருப்புக் கடை, பல் டாக்டர் என்று யார் கம்பெனிச் சின்னம் வரைய ஆள் கேட்டாலும், நான் வரைகிறேன் என்று எழுதிப்போட்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய ஆங்கிலம். ஒரு மாதம் முழுக்க ஒருத்தரிடமிருந்தும் பதில் இல்லை. மெயிலைத் திறக்கும்போதெல்லாம் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரிப் பயமாக இருக்கும்.

ஐந்தாவது வாரம் முதல் பதில் வந்தது. காப்பிக் கடை திறக்கப்போகிற ஒரு வெள்ளைக்காரர். நான் அனுப்பிய மாதிரிகளில் மயில், சேவல், டார்ச் லைட், தாமரை எல்லாம் இருந்தன. எல்லாம் லேபிளுக்கு வரைந்தவை. அவர் வேலை கொடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "படங்கள் அழகு. ஆனால் எல்லாவற்றையும் ஏன் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்?"

அத்தை வந்த நாள்

தினமும் பதினோரு மணிக்குக் கல்யாணமான பெண் ஒருத்தி பிரவுசிங் சென்டரின் தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? யாரோடோ பேசுகிறாள் என்று ஆரம்பித்து, யாரோடு என்பதுவரை பேச்சு வளர்ந்துவிட்டது. என் மாமியார் காதுக்கும் போனது. ஒரு நாள் அத்தை சேலையை மாற்றிக்கொண்டு, "நானும் வாரேன்" என்று கூடவே கிளம்பிவிட்டார்.

என் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் மெயிலைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. நாலு வேலைக்கு எழுதிப்போட்டேன். மறுபடி திறந்தேன். ஒன்றும் இல்லை. நான் தோற்பதை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த அத்தை, எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே சென்டர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏட்டி செல்வி, இதுக்குள்ள உங்கிட்ட ஒருத்தருமே பேச மாட்டாவ போலிருக்கே! இதுக்கா ஊருல இம்புட்டுப் பேச்சு பேசுதாவ?"

பறந்துபோன குருவி

இரண்டாவது மாதக் கடைசியில் ஒருத்தரிடமிருந்து மெயில் வந்தது. பிள்ளைகளுக்குத் துணி விற்கிறாராம். முதலில் மாதிரிக்கு ஒரு சின்னம் வரைந்து காட்டச் சொன்னார். பிடித்தால் மொத்த வேலையும் எனக்குத்தான் என்றார். மூன்று நாள் உட்கார்ந்து, வாயில் நூலைக் கவ்விய குருவி ஒன்று வரைந்தேன். அனுப்பியதும், "பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரி வந்தது. அத்தோடு சரி.

இரண்டு வாரம் கழித்து அவருடைய கடையின் இன்டர்நெட் பக்கத்தைத் தேடித் திறந்தால், உச்சியில் என் குருவி உட்கார்ந்திருக்கிறது. திருப்பூருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நேரே எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அச்சகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் எஸ்தர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "களவாங்குத அளவுக்கு நல்லா வரைஞ்சிருக்கேன்னு எடுத்துக்கோட்டி. இனிமே படத்து மேல உன் பேரைக் குறுக்கால எழுதாம எவனுக்கும் காட்டாத."

நாலு மணி

பள்ளிக்கூடம் திறக்கப் பதினாறு நாள் இருக்கையில் நிஜமான வேலை ஒன்று வந்தது. அமெரிக்காவில் தேன் விற்கிற ஓர் அம்மாள். பாட்டிலுக்கு லேபிள் வேண்டும். லேபிள்! அந்த வார்த்தையைப் பார்த்ததும் தெம்பு வந்தது. அம்மாள் திருத்தம் சொல்லச் சொல்ல மாற்றிக் கொடுத்தேன். கடைசிப் படம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வந்தாக வேண்டும், அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்றே முக்காலுக்குப் படத்தை முடித்துச் சிடியில் ஏற்றிவிட்டேன். சென்டர் வாசலில் கால் வைத்தேன், கரண்ட் போனது. மின்வெட்டு, நாலு மணிக்குத்தான் வருமாம். பக்கத்து ஊர் கயத்தாறில் அன்றைக்குக் காலையிலேயே வெட்டு முடிந்துவிட்டது என்றார் சென்டர்க்காரர். பட்டறைக்கு ஓடினேன். நான் சொல்லி முடிக்குமுன் கணேசன் ரிப்பேருக்கு வந்த வண்டி ஒன்றை உதைத்துக் கிளப்பினார். "இதுல பின் பிரேக் பிடிக்காது. நீ கெட்டியா பிடிச்சுக்கோ" என்றார்.

ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எதிர்க்காற்று லாரிப் புகையை எல்லாம் முகத்தில் அடித்தது. சிடியை முந்தானைக்குள் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு போனேன். கயத்தாறு சென்டரில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் லைன் வேலை செய்தது. படம் பாதி ஏறும், நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. மூணு ஐம்பது. நாலு. நாலு பத்து. வாசலில் நின்ற கணேசன் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடப் பயந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு இருபதுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. கூடவே ஐந்து தடவை மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

பதில் வருமா என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது: "நாலு மணி என்று சொன்னது எங்கள் ஊர் நாலு மணியை அம்மா. இங்கே இப்போதுதான் காலைக் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன்."

பயப்படுகிற ஆள்

வேலை முடிந்தால் அந்தத் தளத்தில் நம்மைப் பற்றி வாடிக்கையாளர் நாலு வரி எழுதுவார். அடுத்தவர் அதைப் படித்துத்தான் நம்மிடம் வருவார். தேன்கார அம்மாள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. 'வேலை பிரமாதம். சொன்னதற்கு முன்பே முடித்துவிட்டார். ஆனால் பாவம், ரொம்பப் பயப்படுகிறார்.' உலகம் முழுக்கப் படிக்கிற இடத்தில் இப்படியா போடுவது? இனிமேல் எவன் வருவான் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கணேசன் திருப்பூர் பேச்சையே எடுக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் கனடாவிலிருந்து ஒரு மிட்டாய்க் கம்பெனிக்காரர் எழுதினார். முப்பது வகை மிட்டாய்க்கு லேபிள், ஆறு மாத வேலை. பள்ளிக்கூடம் திறந்த அன்று மகளைக் கோவில்பட்டியிலேயே கொண்டுபோய் விட்டேன். பிறகொரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, என்னை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். உடனே பதில் வந்தது: "அந்த அம்மாள் எழுதியதைப் படித்தேன். இதற்கு முன் எனக்கு வேலை செய்தவர் எதற்குமே பயப்படவில்லை."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் வந்து போய்விட்டார்கள், ஆனால் மெயிலைத் திறக்கும்போது வருகிற அந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாமல் இன்றைக்கும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.