கறம்பக்குடியில் செய்தி வாசிப்பவர் போலப் பேசிய மலர்க்கொடி

சம்பா அறுவடை முடிந்த தை மாதக் கடைசியில் கறம்பக்குடிக்குப் போனேன். கணினியும் கைபேசியும் குடும்பங்களுக்குள் நுழையும்போது என்ன மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. முனைவர் பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை இல்லை. கணினித் துறையில் கேட்டால் இது சமூகவியல் என்பார்கள். சமூகவியலில் கேட்டால் இது கம்ப்யூட்டராச்சே என்பார்கள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. இதுதான் கடைசிக் களப்பயணம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். ஆலங்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அங்கிருந்து பக்கத்துக் கிராமத்துக்கு ஆட்டோ. என்னிடம் பேச ஒப்புக்கொண்டிருந்த மலர்க்கொடியின் வீடு என்றதும் டிரைவர், "குவைத்துக்காரர் வீடுங்களா? அங்கிட்டுத்தான் போறேன், ஏறுங்க" என்றார்.

மலர்க்கொடியின் கணவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். நான் போனபோது அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார் மலர்க்கொடி. போனை வாயருகே வைத்து, "நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் உணவு அருந்தினீர்களா?" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அது எழுத்தாக மாறித் திரையில் வந்தது.

"ஏன் இப்படிப் பேசுறீங்க?"

"நம்ம பேச்சு அதுக்கு வெளங்கலைங்க. வாரேன்னா வாரம்னு எழுதுது. அதான் நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்றேன்."

"குரலாவே அனுப்பலாமே?"

"அங்க ஒரே ரூம்ல எட்டுப் பேருங்க. எல்லாருக்கும் கேக்கும்ல."

இந்தத் தமிழால் வீட்டில் சண்டையே வந்திருக்கிறது. யாரையோ வைத்து எழுதுகிறாள், குடும்ப விஷயமெல்லாம் வெளியே போகிறது என்று நினைத்துக் கணவர் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. "சோறே எறங்கலைங்க. அப்பறம் நான் போன்கிட்ட பேசுறத மக வீடியோ எடுத்து அனுப்புனா. பாத்துட்டு அப்புடிச் சிரிச்சாராம்."

குறித்துக்கொண்டு, எழுத அனுமதி கேட்டேன். "எழுதுங்க, பேர மட்டும் மாத்திருங்க" என்றார். மாற்றியிருக்கிறேன். நான் வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "இப்ப அவரும் அப்புடித்தான் அனுப்புறாரு. என்னைய இந்தா, இந்தான்னுதான் கூப்புடுவாரு. இப்ப 'அன்புள்ள மலர்க்கொடி'ன்னு வருதுங்க."

திரும்பும் பஸ்ஸில் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலங்குடி தாண்டியதும் சென்னைக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு, நம் பேச்சுத் தமிழ் போனுக்குப் புரியாததால் வீட்டுக்குள் என்ன மாறுகிறது என்பதையே ஆய்வுத் திட்டமாக எழுதி அனுப்பினேன். திருச்சியில் ஒரு கல்லூரி இரண்டு வருடத்துக்கு என்னை எடுத்துக்கொண்டது. இப்போது மலர்க்கொடியும் அவர் தெருப் பெண்கள் சிலரும் தங்கள் பேச்சைத் தாங்களே பதிவு செய்து தருகிறார்கள். வாரேன் என்றால் வாரேன் என்றே போன் எழுத வேண்டும் என்பதற்காக.

இப்படிக் களப்பணிக்குப் போகிறவர்கள் அறுவடை முடிந்தபின் போங்கள். மதியம் மூன்று மணிக்குமேல் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். திரும்பும் பஸ்ஸை இறங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். கேள்விகள் முடிந்துவிட்டன என்று அவசரமாகப் படியிறங்கிவிடாதீர்கள். வழியனுப்ப வாசலுக்கு வரும்போதுதான் பலர் பேசவே ஆரம்பிக்கிறார்கள்.