அத்தையின் விசில்

எங்கள் வீட்டில், நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் விசில் எப்போதும் தொங்கும். அதன் கயிறு கடையில் வாங்கியதல்ல. பனியன் துணியை நீளமாக நறுக்கி ஓர் இழுப்பு இழுத்தால் தானாகவே சுருண்டு கயிறாகிவிடும்; அப்படி ஆன கயிறு. விசிலின் வாய்ப்பக்கத்தில், பனியன் கழுத்துப்பட்டைக்கு வைக்கிற பச்சை ரிப் துணி இறுக்கமாகச் சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பையன் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறானா என்று கேட்பார்கள். அந்தத் துணி எதற்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து முழுக் கதையையும் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன். அது என் அத்தையுடைய விசில்.

அத்தை என் அப்பாவின் தங்கை. திருநெல்வேலிக்குத் தெற்கே மழை ஏமாற்றிய காலத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து முதலில் திருப்பூருக்கு பஸ் ஏறியவள் அவள்தான். கட்டியவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டைப் பிடித்து, பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, டெய்லராகி, பிறகு எங்களையும் வரவழைத்துக்கொண்டாள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் அவள் மங்கலம் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்; ஒரு வரிசைத் தையல் மெஷின்கள் அவள் பொறுப்பு. நான் அதே லைனில், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அத்தை, கம்பெனியில் அக்கா. மாற்றிக் கூப்பிட்டால் முறைப்பாள்.

அவளுடைய குரல் அந்தப் பக்கத்தில் பிரசித்தம். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் "ஏட்டி, காலர் கோணுது பாரு" என்று அவள் சொன்னால் கடைசி மெஷின்காரி நிமிர்வாள். உண்மையைச் சொன்னால், நாங்கள் காதால் கேட்டோமா என்பது சந்தேகம். அந்த இரைச்சலில் தையல்காரிகள் யாரும் காதை நம்புவதில்லை. உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள். எதிர் மெஷின்காரியின் மாமியார் சண்டையை முழுசாக, ஒரு வார்த்தை காதில் விழாமலே தெரிந்துகொள்வோம். நூல் வேண்டும் என்றால் ஒரு விரல் அசைவு, முதலாளி வருகிறார் என்றால் ஒரு புருவம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்களை ஊமைக்கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்போம்.

அவளுக்குத் தொண்டை கரகரத்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பனியன் ஊரில் இருமல் ஒரு நோயே அல்ல. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அன்று எந்த நிறத் துணி ஓடியது என்று தெரிந்துவிடும். யார் இருமினாலும் "பஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு ஒரு மிட்டாயை நீட்டுவோம். போதாக்குறைக்கு, சூப்பர்வைசர் என்றால் தொண்டை கட்டியிருக்க வேண்டும் என்றே ஊரில் ஓர் எண்ணம் உண்டு. கட்டாவிட்டால்தான் வேலை வாங்கத் தெரியாதவள் என்பார்கள். "கத்திக் கத்தி வந்ததுட்டி" என்று அத்தையும் பெருமையாகவே சொன்னாள். பனங்கற்கண்டு, மிளகு, தெருமுனை டாக்டரின் ஊசி என்று மாதங்கள் ஓடின. சோற்று உருண்டை தொண்டையில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் கோயம்புத்தூருக்குப் போனோம்.

குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுக்க வேண்டும், இனிமேல் மூக்கால் அல்ல, கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு, பேச்சு வராது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தை கேட்டது ஒரே கேள்விதான். "வேலைக்குப் போலாமா?" தூசி ஆகாது என்றார் டாக்டர். "தூசி இல்லாத திருப்பூர் எங்க இருக்கு சார், அங்க போறேன்" என்றாள் அந்தக் கரகரத்த குரலில். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துளையை எப்போதும் ஈரத் துணியால் மூடி வைத்தால் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். என் காதில் நிற்கும் அவளுடைய கடைசிக் குரல் அந்தப் பேரம்தான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தவர்கள் முதலில் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். புகையிலை போடுவாளா? வெற்றிலை? யாருக்கும் தெரியாமல் ஏதாவது? அவள் எதையும் தொட்டதில்லை. டாக்டரே இவளுக்கு ஏன் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தொட்டிருந்தால்தான் என்ன, அதற்காகக் கழுத்தில் ஓட்டையோடு இருப்பவளை விசாரிக்க வேண்டுமா? இன்னொரு கூட்டம் அவளுக்குக் காது போய்விட்டதுபோல் உரக்கக் கத்தியது. மூன்றாவது கூட்டம் அவளை விட்டுவிட்டு என்னிடம் பேசியது. "சாப்பிடுதாளா? தூங்குதாளா?" அவள் எதிரிலேயே உட்கார்ந்து உதட்டை அசைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. ஒரு நாள் டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். "மனசு கலங்கிட்டு பாவம்" என்று சொல்லி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

முந்தானையால் கழுத்தை மூடிக்கொள் என்று அம்மா கெஞ்சினாள். அத்தை கத்தரிக்கோலை எடுத்தாள். ரிப் துணித் துண்டில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, இரண்டு பட்டை வைத்து, நனைத்துப் பிழிந்து கழுத்தில் கட்டிக்கொண்டாள். நல்ல கிளிப்பச்சை. ஒரு மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். பிறகு என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "நாளைக்கு வேலைக்கு வாரேன்."

முதலாளி கெட்டவர் இல்லை. சோமனூர் பக்கம் தறி ஓட்டிய குடும்பம், தானும் மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவர். எழுந்து நின்றுதான் பேசினார். "அக்கா, நீங்க பட்டதே போதுமுங்க. ஊட்ல நிம்மதியா இருங்க. உங்களுக்கு வேண்டியத நாங்க பாத்துக்கறோமுங்க. பேச்சில்லாம லைன எப்படிங்க ஓட்டுவீங்க?" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் உதட்டைப் படித்து நான் உரக்கச் சொன்னேன். "ஊட்ல யாருக்கும் நான் பேசறது புரியல. இங்கதான் புரியும்னு சொல்றாங்க." அதைச் சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. இந்த உலகத்தில் அவளுக்குப் பேச்சு மிச்சமிருந்த ஒரே இடம் அந்த இரைச்சல்தான். அங்கிருந்து அவளை அனுப்புவது இன்னொரு முறை குரல்வளையை அறுப்பதுபோல. முதலாளி யோசித்துவிட்டு, துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி நம்மைச் சோதிக்க ஆடிட் வரும்வரை பார்ப்போம் என்றார். அன்றிலிருந்து அவள் கழுத்தில், அன்றைக்கு லைனில் ஓடும் துணியின் நிறத்தில் ஒரு துண்டு இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் லைன் பெண்கள் சேர்ந்து ஒரு தப்புப் பண்ணினோம். குரல் இல்லாவிட்டால் என்ன, விசில் இருக்கிறதே என்று ஒருத்திக்குத் தோன்ற, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இந்தச் சிவப்பு விசிலை வாங்கி, டீ நேரத்தில் கைதட்டிக் கொடுத்தோம். மூச்சு வாய்க்கே வராதவளுக்கு விசில்! ஒருத்திக்கும் உறைக்கவில்லை, தினமும் கூடவே இருக்கும் எனக்கும்தான். அத்தை அதை வாயில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது, சத்தம் வரவில்லை. கழுத்துத் துண்டுதான் படபடத்தது. கைதட்டல் பாதியில் நின்றது. வாங்கிக் கொடுத்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள். அத்தை தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "எதுக்குட்டி அழுத? நல்லாத்தாம்லா இருக்கு" என்று உதட்டால் சொல்லி, கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் முடிந்து வந்து நான் சமைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் இருமலும் புஸ்ஸென்ற காற்றுமாகக் கேட்டது. எட்டிப் பார்த்தால், அத்தை கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கழுத்துத் துண்டைத் தூக்கிவிட்டு, விசிலின் முனையில் ரிப் துணியைச் சுற்றி, அந்தத் துளையில் பொருத்தி அழுத்திக்கொண்டு ஊதுகிறாள். சளி வந்தது, கண் பிதுங்கியது. "டாக்டருக்குத் தெரிஞ்சா கொன்னுபோடுவாரு" என்று கத்தினேன். அவள் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். குருவிக்குஞ்சு கத்துவதுபோல் ஒரு சின்னச் சத்தம் வந்தது. குழம்பு அடிப்பிடித்தது. நாங்கள் இருவரும் அதைச் சிரித்துக்கொண்டே தின்றோம்.

ஆடிட் நாளும் வந்தது. முந்தின நாளே மேனேஜர் என்னிடம் வந்து, ஆடிட்டுக்கு வரும் வெள்ளைக்காரம்மா பார்த்தால் பயந்துவிடும், கம்பெனித் தூசியால் வந்தது என்று எழுதிவிட்டால் ஆர்டர் போய்விடும் என்றார். "அத்தைய நாளைக்கு லீவு போடச் சொல்லுங்க. அப்புறமும் ஊட்லயே இருந்துட்டா நல்லதுங்க" என்றார். நான் அதை அப்படியே அத்தையிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் எனக்கு முன்னால் புறப்பட்டு நின்றாள், கழுத்தில் அதே கிளிப்பச்சைத் துண்டோடு.

மேனேஜர் அவளைக் கண்ணில் படாமல் மாடியில் துணி ரோல் அடுக்கும் மூலையில் நிற்கவைத்தார். ஆடிட்டில் தீ விபத்து ஒத்திகை ஒன்று உண்டு. மணி அடித்ததும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வரிசையாக வெளியேற வேண்டும். வெள்ளைக்காரம்மா கடிகாரத்தோடு நின்றாள். மேனேஜர் பட்டனை அழுத்தப் போன அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த வருடங்களில் கரண்ட் அப்படித்தான் போகும். மணி மின்சார மணி, ஜெனரேட்டரோ கிளம்பாமல் முக்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கரண்ட் போனால் திருவிழா. மெஷின் நின்றதும் ஆளாளுக்குத் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். மேனேஜர் "வெளிய போங்க, வெளிய போங்க" என்று கத்தியது அந்தச் சிரிப்பில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. வெள்ளைக்காரம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி முகம் வெளிறியது.

அப்போது மாடிப்படியிலிருந்து விசில் கேட்டது. நிமிர்ந்தோம். அத்தை படியின் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நின்றாள். கழுத்துத் துண்டைத் தூக்கித் தோளில் போட்டுவிட்டு, துளையில் விசிலை அழுத்திப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். குருவிக்குஞ்சுச் சத்தமல்ல. நீளமாக, கூர்மையாக, தளம் முழுக்க. இன்னொரு கையால் வாசலைக் காட்டினாள். லைன் முழுக்க ஒரே ஆளாக எழுந்தது. தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாக வெளியே போய் நின்றோம். அவள் கடைசியாக வந்தாள்.

வெள்ளைக்காரம்மா நேராக அவளிடம்தான் போனாள். யார் இவர் என்று கேட்டாளாம். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, "எங்க லைன் சூப்பர்வைசருங்க" என்றார். கழுத்தில் என்ன, இங்குள்ள தூசியாலா என்று அடுத்த கேள்வி வந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். அத்தை என்னைப் பார்த்து நிதானமாக உதட்டை அசைத்தாள். என் சம்பளமும் அதே கையிலிருந்துதான் வருகிறது. ஆனால் அவளுக்கு வேறு வாய் இல்லை. சொன்னேன். "தூசியாலயான்னு எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனா தூசி இருக்கு. அதையும் எழுதிக்கிடச் சொல்லுன்னு சொல்றாங்க."

எழுதிக்கொண்டாள். ஆர்டர் போகவில்லை. தூசி இழுக்கும் பெரிய விசிறிகள் சுவரில் ஏறின. முதலாளி எங்களோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டில் இருங்கள் என்று அதற்குப் பிறகு யாரும் அவளிடம் சொல்லவில்லை. பல வருடம் அந்த லைனை ஓட்டினாள். பிற்பாடு அந்தக் கட்டி நுரையீரலில் தலைகாட்டியபோதும் வேலைக்கு வந்தாள், படியேற முடிந்தவரை. ஜெயித்தாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவளை யாராலும் உட்காரவைக்க முடியவில்லை. எனக்கு அவளை நினைத்துத் துக்கத்தைவிடக் கர்வம்தான் அதிகம்.

இப்போது நானும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். யாராவது கரகரத்த தொண்டையோடு "பஞ்சுதாங்க்கா" என்று சொன்னால் மிட்டாய் கொடுப்பதில்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறேன். என் லைனில் ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் கட்டி எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று போன் பண்ணினாள். நேற்று எங்கள் மேனேஜர், நல்ல பையன், தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "ஏனுங்க்கா, பாவமுங்க அவங்க. ஊட்லயே ரெஸ்ட் எடுக்கச் சொல்லீரலாமுங்களா?"

வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து விசிலைக் கழற்றினேன். வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். சிரமமே இல்லாமல் சத்தம் வந்துவிட்டது. துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை அந்தப் பெண் வருவதற்கு முன்னால் நான் கம்பெனி வாசலில் நிற்பேன்.