ராட்சசனுக்குக் குறுக்கே ஒரு மச்சினன்

பிளம்பருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான் பாக்கி. மந்திர உலகத்துக்குள் வாளும் கோடாரியுமாக வெட்டிக்கொண்டே போகிற பழைய டிவி வீடியோ கேம் ஒன்றின் இரண்டாம் பாகத்தை ஆடி முடித்துவிட வேண்டும். முதல் பாகத்தை வாலிபத்திலேயே முடித்துவிட்டார். எப்பேர்ப்பட்ட ஒழுகலையும் அடைத்துவிடுகிற மனுஷனுக்கு இந்தக் கடைசி ராட்சசன் மட்டும் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மச்சினன்தான் கூட்டாளி. அந்த விளையாட்டில் ஒரு வில்லங்கம், கூட நிற்பவன்மேலும் அடி விழும். மச்சினன் கோடாரியைச் சுழற்றினால் எதிரிக்கு ஒன்று, மாமாவுக்கு இரண்டு. சவாரி செய்ய நெருப்பு கக்கும் மிருகம் வந்தாலும் அவனே முந்திக்கொண்டு ஏறிவிடுவான்.

அன்று ராட்சசன் குற்றுயிராக நின்றான். இன்னும் ஒரே வெட்டு.

“நகருங்க மாமா, நான் முடிக்கிறேன்!” என்று மச்சினன் குறுக்கே பாய்ந்தான்.

பிளம்பர் வாளை வீசினார். மச்சினன் சுருண்டு விழுந்தான். அந்த இடைவெளியில் ராட்சசன் பிளம்பரையும் மிதித்துத் தீர்த்துவிட்டான். ஆட்டம் முடிந்தது.

கூச்சல் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

“அக்கா, உன் புருஷன் ராட்சசனை விட்டுட்டு என்னை வெட்டிட்டாரு!”

“ஏங்க, எத்தனை வருஷத்து ஆசை! இப்படியா பண்ணுவீங்க?”

“ராட்சசன் எங்கடி போயிடப் போறான், அடுத்த ஞாயிறும் அங்கேயேதான் நிப்பான்” என்றார் பிளம்பர். “உன் தம்பி இவ்வளவு வாகா மறுபடி எப்ப வந்து நிப்பான்?”