ஒன்றரை இஞ்சு வெள்ளைக் கோட்டு

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவருக்கு அரை இஞ்சு மாஸ்டர் என்று பெயர். "என் கத்தரி அரை இஞ்சு தப்பினா கடையை மூடிடறேன்" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். மூடச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் கேட்கிற நிலைமை வந்தது. ஆய்வகத்துக்கு முப்பது வெள்ளைக் கோட்டு. போட்டுப் பார்க்க வந்த மாணவி கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றாள். காலருக்குக் கீழே துணி திரண்டு, பூனைக்குட்டியை முதுகில் சுமப்பது போல இருந்தது.

"அண்ணே, இது கோட்டா, கூடாரமா?"

அடுத்தவனுக்கும் அதே பூனை. துறையிலிருந்து வந்தவர், வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு கடை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் டேப்பை இரும்பு ஸ்கேல் மேல் வைத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. துணியை முறைத்தார். நனைந்தால் சுருங்கும், வளராதே.

பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமல் கேட்டாள். "அளவெடுக்கும்போது அந்தப் புள்ளைங்க எங்க பாத்துச்சுங்க?"

"எங்க பாக்கும், கையில இருக்கிற போனைத்தான்."

"அப்ப குனிஞ்ச முதுகைத்தானே அளந்திருக்கீங்க?"

மாஸ்டர் அந்த மாணவியைத் திரும்பக் கூப்பிட்டார். போனோடு குனிந்தால், பிடரியிலிருந்து இடுப்புவரை பதினேழரை. நிமிர்ந்தால் பதினாறு. நம்ப முடியாமல் நாலு தடவை குனிய வைத்து நிமிர்த்தினார்.

"போதும்ணே, நிமிர்ந்தா கழுத்து வலிக்குது."

"குனிஞ்சா?"

"அப்பவும் வலிக்கும். போன் பாக்குறதுல தெரியாது."

முப்பது பேரும் திரும்ப வந்தார்கள். போன்கள் துண்டுத்துணிக் கூடைக்குள் போயின. பல்கலைக்கழக வாசலை ஒட்டியிருந்த எதிர்க்கடை போர்டைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொருவராக அளந்தார். ஒருவன் அந்தக் கடை எப்போது வந்தது என்று கேட்டான். அவன் மூன்றாம் வருஷம். கடைக்கு வயது பதினொன்று.

காலரைப் பிரித்து, முதுகைக் குறைத்து, வெள்ளிக்கிழமை காலையில் முப்பதையும் கொடுத்தார். பூனை போயிருந்தது. துறைக்காரர் அடுத்த வருஷத்துக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

மாணவி மட்டும் நின்றாள். "போன் பாத்தா காலர் பின்னால இழுக்குதுண்ணே."

"கோட்டு சரியாத்தாம்மா இருக்கு. நீதான் ஒன்றரை இஞ்சு தள்ளி இருக்கே."

பெருமையோடு மிஷினில் குனிந்தவரின் பிடரியில் டேப் வந்து விழுந்தது. மனைவிதான். குனிந்தபடியே ஒரு தடவை அளந்தாள், நிமிரச் சொல்லி ஒரு தடவை. நிமிரும்போது "அம்மா" என்றார்.

"எவ்வளவுடி வித்தியாசம்?"

"கடையை மூடுற அளவுக்கு இருக்கு," என்றபடி டேப்பைச் சுருட்டினாள்.